இங்கிலீஷ் லிட்ரேச்சரா, அதைப் படித்து என்ன செய்யப்போகிறாய்?

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, நான் பல்கலைக்கழகத்தில் படித்தது ஆங்கில இலக்கியம் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அதோடு உயர்தரப் பரீட்சைப் பெறுபேறும் வந்துவிட்டதா, இந்த முறை கடிதக்கட்டில் பாதிக்கு மேல் அதைப் பற்றியதுதான். மாமியார் கதைக்கமாட்டேன் என்கிறார், வீட்டுக்காரர் முற்பணத்தைத் தரமாட்டேன் என்கிறார் என்று எழுதியவர்கள் கோபிக்கக்கூடாது, உங்களுக்கு அடுத்த மாதம்.

*கலைப்பிரிவில் என் மகள் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள். ஆங்கில இலக்கியத்தைத்தான் சிறப்புப் பாடமாகச் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளுடைய அப்பா, "கதைப்புத்தகம் வாசிக்கவா நாலு வருஷம்?" என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?*
— ஒரு அம்மா, வெள்ளவத்தை

அம்மா, அப்பா கேட்டது பிழையான கேள்வி இல்லை. நாலு வருடமும் வாசிப்புதான். கதைப்புத்தகத்தோடு கவிதை, நாடகம், விமர்சனம், கொஞ்சம் மொழியியல் என்று இருக்கும், ஆனால் நாள்தோறும் செய்கிற வேலை என்று பார்த்தால் வாசி, எழுது, எழுதியதை இன்னொருவர் சிவப்புப் பேனாவால் கிழிக்க, திரும்ப எழுது, அவ்வளவுதான். அதை நாலு வருடம் செய்த பிள்ளையிடம் ஒரு முப்பது பக்க அறிக்கையைக் கொடுத்தால் எந்த வசனம் மழுப்புகிறது, எந்த இடத்தில் ஆள் இல்லாமல் "தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதித் தப்பித்திருக்கிறார்கள் என்று சொல்லும். அது ஒரு தொழிலா என்றால் தொழில்தான், ஆனால் பெயர்ப்பலகை இல்லாத தொழில். டொக்டர், எக்கவுண்டன் என்று கலியாணவீட்டில் ஒரே சொல்லில் சொல்ல முடியாது. வீடுகளில் நடக்கிற சண்டையில் பாதி அந்த ஒரு சொல் இல்லாத குறையால் வருவது என்பது என் அனுபவம்.

முடிவை இன்றைக்கே எடுக்கவும் தேவையில்லை. பொதுவாக அரச பல்கலைக்கழகக் கலைப்பீடங்களில் முதல் வருடம் சில பாடங்களைச் சேர்த்துப் படித்து, அதில் எடுக்கிற புள்ளியை வைத்துத்தான் சிறப்புப் பட்டத்துக்கு எடுப்பார்கள். சிறப்பு என்றால் 4 வருடம், 120 கிரெடிட். பொதுப் பட்டம் 3 வருடம், 90 கிரெடிட். ஆகவே மகளிடம் "ஏன் இங்கிலீஷ்" என்று கேட்பதை விட்டுவிட்டு, "மற்றப் பாடங்கள் என்ன" என்று கேளுங்கள், உங்கள் யோசனை உதவப்போவது அங்கேதான். பொருளியலோ அரசறிவியலோ கூட இருந்தால் பிறகு திரும்புவதற்கு ஒரு வழி இருக்கும். சட்டபீடம் கிடைக்காததுதான் வீட்டில் உள்ள வருத்தம் என்றால், சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை என்று தனி வாசல் ஒன்று திறந்துதான் இருக்கிறது.

வேலைக்கு வருகிறேன். "ஆங்கில இலக்கியப் பட்டதாரி தேவை" என்று நேரடியாகக் கேட்கிறவர்கள் பள்ளிக்கூடங்கள்தான். கொழும்பில் போட்டி இருக்கும், கொழும்பை விட்டு வெளியே போகத் தயாராக இருந்தால் வேறு கதை. நிர்வாக சேவை, வெளிநாட்டுச் சேவைப் போட்டிப் பரீட்சைகளுக்குப் பட்டம் வேண்டும், எந்தப் பாடத்தில் பட்டம் என்று யாரும் கேட்பதில்லை. விளம்பர நிறுவனங்கள், பத்திரிகைகள், தூதரகங்கள், தொண்டு நிறுவனங்கள், மென்பொருளுக்கு வழிகாட்டிக் குறிப்பு எழுதுகிற வேலை, இவற்றிலெல்லாம் என் வகுப்பில் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் நான் உங்கள் மகளுக்குச் சொல்ல விரும்புவது மொழிபெயர்ப்பு. 1987ல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. சட்டத்தில் அப்படி. நடைமுறையில் எந்தக் கந்தோருக்குப் போனாலும் சுவரில் இருக்கிற தமிழைப் பார்த்தால் வயிறு எரியும், படிவத்தில் இருக்கிற தமிழை விளங்கிக்கொள்ள இங்கிலீஷ் பக்கத்தைத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. இரண்டு மொழியிலும் சுத்தமாக எழுதக்கூடிய ஆட்கள் குறைவு, சிங்களமும் சேர்ந்தால் இன்னும் குறைவு. நான் இத்தனை வருடமாகச் சாப்பிடுவது அந்தக் குறைவினால்தான். மகள் தமிழ் வாசிப்பதை நிறுத்திவிட்டாளா என்று பாருங்கள். நிறுத்தியிருந்தால் அதற்குச் சண்டை பிடியுங்கள், இலக்கியம் படிக்கிறதற்கு வேண்டாம்.

சம்பளத்தைப் பற்றி மறைக்கமாட்டேன். முதல் இரண்டு மூன்று வருடம் கணக்கியல் படித்த ஒன்றுவிட்ட தம்பி இவளைவிட அதிகம் எடுப்பான், அதை நேரே சொல்லிக் காட்டுவான். எனக்கு முதல் வேலை ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது, மூன்று மாதச் சம்பளத்தை இழுத்தடித்தார்கள், பஸ் காசுக்கு அம்மாவிடம் கை நீட்டினேன். அப்பா இதையும் வாசிக்கட்டும்.

*நான் தமிழ் மொழிமூலம் படித்தவன். ஆங்கில இலக்கியத்தை மேசரா எடுக்க ஆசை. ஆனால் அங்கே வருவதெல்லாம் கொழும்பு 7 பள்ளிக்கூடப் பிள்ளைகள், வீட்டிலேயே இங்கிலீஷ் கதைக்கிறவர்கள் என்கிறார்கள். வாயைத் திறந்தாலே என் ஊர் தெரிந்துவிடும் அக்கா. பேசாமல் வேறு பாடம் எடுக்கவா?*
— உயர்தர மாணவன், கொட்டாஞ்சேனை

தம்பி, முதலில் அலுவலைப் பார்ப்போம். உயர்தரத்தில் "பொது ஆங்கிலம்" என்று எல்லாரும் எழுதுகிறது வேறு, "ஆங்கிலம்" என்று கலைப்பிரிவில் ஒரு பாடமாக எடுக்கிறது வேறு. பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற இசட் புள்ளிக்குள் பொது ஆங்கிலம் வராது. பிறகு சிறப்புப் பாடமாகச் செய்ய நினைக்கிறவர்களிடம் பல துறைகள் அந்த இரண்டாவதைத்தான் எதிர்பார்க்கும். நிபந்தனை இடத்துக்கிடம் மாறும், ஆகவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் போடுகிற கைநூலை நீயே வாசி. ரியூஷன் சேர் சொன்னார், மச்சான் சொன்னான் என்று போகாதே.

சரி, அடுத்தது உன் பயம். நம் கம்பஸ்களில் இங்கிலீஷுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, "கடுவ". சிங்களத்தில் வாள். கேட்டிருப்பாய். இருக்கிறவன் இல்லாதவனை வெட்டுகிறான் என்று ஓர் அர்த்தம், அதே சொல்லை வைத்து இங்கிலீஷ் கதைக்கிறவனைப் பகிடி பண்ணுவதும் உண்டு. இரண்டு பக்கமும் கூர். நான் போன முதல் கிழமையே வெட்டுப்பட்டேன். ஒரு சிறு வகுப்பில் என்னை உரத்து வாசிக்கச் சொன்னார்கள், நடுவில் ஒரு சொல், எழுத்தைப் பார்த்தபடியே "ஹைப்பர்போல்" என்று வாசித்தேன். அது "ஹைபர்பொலி" என்று அன்றைக்குத்தான் தெரியும். பின்வாங்கில் இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருத்தி இருமுவதுபோல் நடித்தாள், நான் பம்பலப்பிட்டியிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன். ஆமாம், நானும் உன் ஊர்தான்.

அழுது முடிந்த பிறகு அகராதியைத் திறந்து பார்த்தால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் உயர்வுநவிற்சி. உயர்வுநவிற்சி அணி! அதைச் சாதாரண தரத்துக்கு முன்பே எங்கள் தமிழ் ரீச்சர் உதாரணத்தோடு தலையில் குட்டிச் சொல்லித் தந்திருக்கிறார். சிரித்தவர்களுக்கு உச்சரிப்பு தெரியும், எனக்கு விஷயம் தெரியும். எனக்கு எரிச்சலும் வந்தது, கொஞ்சம் தைரியமும் வந்தது.

நீ தமிழில் சங்கப்பாட்டு படித்திருக்கிறாய்தானே. பாட்டுக்குக் கீழே என்ன போட்டிருக்கும்? தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. யார் பேசுகிறது, யாரிடம் பேசுகிறது, யார் ஒளிந்துநின்று கேட்கிறார்கள். ஆங்கிலக் கவிதை வகுப்பில் விரிவுரையாளர் முதல் மாதம் முழுக்கக் கெஞ்சுவது இதற்குத்தான்: கவிதையில் "நான்" என்று வந்தால் உடனே கவிஞர் என்று எடுக்காதீர்கள், பேசுகிற ஆளை வேறாகப் பாருங்கள். இங்கிலீஷிலேயே வளர்ந்த பல பிள்ளைகளுக்கு அது புதினம். உனக்கு அது பத்தாம் வகுப்புப் பாடம். பாட்டுக்குள் இன்னொரு பொருளை ஒளித்துவைக்கிற உள்ளுறை தெரிந்தவனுக்குக் குறியீடு என்ன பெரிய காரியமா?

உனக்கு உண்மையில் இல்லாதது வேகம். அவர்கள் ஒரு நாவலை மூன்று நாளில் முடிப்பார்கள், உனக்கு மூன்று கிழமை போகும். அதற்குக் குறுக்குவழி இல்லை. கம்பஸ் தொடங்குவதற்கு முன் கிடைக்கிற மாதங்களில் ஒரு நாளைக்கு 20 பக்கம், தெரியாத சொல்லுக்கு ஒவ்வொன்றாக நிற்காமல், பக்கம் முடிந்த பிறகு இரண்டு சொல் மட்டும் பார்த்து, போய்க்கொண்டே இரு. அப்புறம் உரத்து வாசி, வீட்டில் சிரிக்கட்டும், கம்பஸில் சிரிக்கிறதைவிட அது மலிவு. உன் உச்சரிப்பு கொட்டாஞ்சேனை உச்சரிப்பாகவே இருக்கும். என்னுடையதும் அப்படித்தான், விடைத்தாள் திருத்துகிறவருக்கு அது கேட்பதில்லை.

*ஷேக்ஸ்பியர் இல்லாமல் இந்தப் பட்டத்தை முடிக்க முடியாதா?*
— தெமட்டகொடை

முடியாது. அவரையாவது திட்டிக்கொண்டு வாசித்துவிடலாம், அவருக்கு 200 வருடம் முந்திய கவிஞர் சோசரைக் கையில் தந்தால் அது இங்கிலீஷா என்றே சந்தேகம் வரும். திருக்குறளை உரையோடு படித்த ஆட்கள் நாம், பயப்படத் தேவையில்லை.

*இரண்டாம் வருடம். ஒவ்வொரு ஒப்படையிலும் "இது கதைச்சுருக்கம், கட்டுரை இல்லை" என்று எழுதித் திருப்பித் தருகிறார்கள். கடைசியாக எழுதிய ஹம்லெட் கட்டுரையை இணைத்திருக்கிறேன். இதில் என்ன குறை?*
— பெயர் வேண்டாம், கொழும்பு 5

வாசித்தேன். முதல் பந்தி, ஷேக்ஸ்பியர் 1564ல் பிறந்தார். இரண்டாம் பந்தி, அவர் உலகின் தலைசிறந்த நாடகாசிரியர். மூன்றாம் பந்தியிலிருந்து பேய் வந்தது, பிறகு இது நடந்தது, பிறகு அது நடந்தது. உன் விரிவுரையாளர் நாடகத்தை வாசித்திருப்பார் தங்கச்சி, அவருக்குக் கதை தெரியும்.

முதல் இரண்டு பந்தியையும் வெட்டு. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்று ஒருவர், கவிஞர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதையை மட்டும் மாணவர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார், வந்ததை 1929ல் புத்தகமாகவும் போட்டார். பெயர் தெரியாமல் நல்ல கவிதையைக் குப்பை என்றும் குப்பையை அருமை என்றும் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். கேம்பிரிட்ஜ் பிள்ளைகள்! "தலைசிறந்த" என்று நீ எழுதுகிறபோது உன் கண் பார்க்கவில்லை, பெயர் பார்க்கிறது.

இப்போது மூன்றாம் பந்தி. முழு நாடகத்தையும் விடு, முதல் வசனத்தை எடு. நள்ளிரவு, கோட்டை மதில், பிரான்சிஸ்கோ என்று ஒரு காவற்காரன் நிற்கிறான், நல்ல குளிர். நாடகத்தின் முதல் வசனம் "யார் அங்கே?". நீயும் அதை எழுதியிருக்கிறாய், "காவற்காரன் யார் அங்கே என்று கேட்கிறான்" என்று. எந்தக் காவற்காரன்? திரும்பிப் போய்ப் பார். கேட்பது காவலில் நிற்கிறவன் இல்லை. அவனை மாற்றிவிட வருகிற பர்னார்டோ.

இதில் என்ன இருக்கிறது என்று உனக்கு உடனே படாமல் இருக்கலாம், உன் அம்மாவுக்குப் படும். கொழும்பில் சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி இருந்த காலத்தில், டோர்ச் அடித்து யார் என்று கேட்பது நிற்கிறவன், ஐடென்டிட்டியை எடுத்து நீட்டுவது வருகிறவன். வருகிறவன் ஆமிக்காரனைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்பதை யாராவது நினைத்துப் பார்க்க முடியுமா? பிரான்சிஸ்கோவுக்கும் அது உறுத்துகிறது, "இல்லை, நீ எனக்குப் பதில் சொல்லு, நின்று ஆளைக் காட்டு" என்று திருப்பிக் கொடுக்கிறான். பேய் இன்னும் மேடைக்கு வரவில்லை, ராஜா எப்படிச் செத்தார் என்று நமக்குத் தெரியாது. அதற்குள் யார் யாரைக் கேட்கவேண்டும் என்ற ஒழுங்கு அந்த ஊரில் தலைகீழாகிவிட்டது. காவலுக்கு வருகிறவனே காவலில் இருக்கிறவனுக்குப் பயப்படுகிறான்.

இதிலிருந்து ஒரு வசனம் எழுது. உதாரணத்துக்கு, "இந்த நாடகத்தில் பயம் மதிலுக்கு வெளியிலிருந்து வரவில்லை, உள்ளே இருந்து வருகிறது." உடனே பக்கத்தில் இருக்கிறவள் "அதெப்படி, நோர்வேக்காரன் படை திரட்டுகிறான் என்றுதானே இத்தனை காவலும் போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்பாள். கேட்கவேண்டும். அப்படி ஒருத்தி எதிர்த்துக் கேட்கக்கூடிய வசனம்தான் கட்டுரையின் முதல் வசனம், அவளுக்கு நீ சொல்கிற பதில்தான் மிச்சப் பக்கங்கள். "ஹம்லெட் ஒரு சோக நாடகம்" என்பதை யார் எதிர்ப்பார்கள்?

இந்தக் கட்டுரையைத் திருத்தாதே. புதிதாக எழுது, நாலு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம்.

*ஏஐயிடம் கேட்டால் அந்த நாலு பக்கத்தை அரை நிமிடத்தில் தந்துவிடுமே? இனி இந்தப் படிப்பு எதற்கு?*
— பம்பலப்பிட்டி

தந்துவிடும், நன்றாகவும் இருக்கும். பரீட்சை மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் பேனாவோடு தனியாக உட்காருகிறபோது அது வராது என்பது சின்னப் பதில். பெரிய பதில் எனக்கும் முழுதாக இல்லை. ஒருமுறை எங்கள் அம்மம்மா பாடுகிற ஒப்பாரி இரண்டு வரியைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னேன். இலக்கணம் சுத்தம், சொல் சுத்தம், ஆனால் செத்த வீட்டில் இரங்கற்பா வாசிக்க வந்த பிரமுகர்போல நின்றது. அது ஒப்பாரி இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாரி கேட்ட காதும் இங்கிலீஷ் பழகிய காதும் ஒரே தலையில் இருக்கவேண்டும். அந்தத் தலைக்குத்தான் இந்தப் படிப்பு.

*ஆங்கிலேயன் போய் எத்தனை வருடம்! அவனுடைய காவியங்களை நம் பிள்ளைகள் நம் வரிப்பணத்தில் நாலு வருடம் உருப்போடுவது அடிமைப்புத்தி இல்லையா?*
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தெஹிவளை

ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புதிதில்லை, என் சொந்தத் தாத்தாவும் இதையேதான் கேட்டார். அடித்தளத்தில் நீங்கள் சொல்வது சரியும்கூட. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்கென்று ஒரு பள்ளி வந்தது 1894ல், கேம்பிரிட்ஜில் தனிப் பட்டப்பரீட்சை 1917ல். அதற்கெல்லாம் எவ்வளவோ முந்தி இந்தியாவில் பிள்ளைகளுக்கு இதைப் பாடமாக வைத்துவிட்டார்கள். தன் வீட்டில் பரிமாறுவதற்கு முன் நமக்கு ஊட்டிய சாப்பாடு என்றால் அதில் என்ன கலந்திருந்தது என்று கேட்கத்தான் வேண்டும். இங்கேயும் 1921ல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது பிள்ளைகள் எழுதியது லண்டன் பரீட்சை. 1942ல் இலங்கைப் பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் பட்டம் நம்முடையதானது.

ஆனால் ஐயா, இந்தக் கேள்வியை இன்று அதிகம் கேட்பதே ஆங்கிலத் துறைகளுக்குள்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் யுத்த காலத்தில் ஆங்கிலம் படிப்பித்த சுரேஷ் கனகராஜா 1999ல் எழுதிய புத்தகமே ஆங்கிலம் கற்பிப்பதில் இருக்கிற மொழி ஆதிக்கத்தை எப்படி எதிர்கொள்வது என்பது பற்றித்தான். மின்சாரமும் தாளும் இல்லாத ஊரிலிருந்து ஆய்வுக்கட்டுரை அனுப்புகிறவனை மேற்குலகச் சஞ்சிகைகளின் விதிமுறை எப்படி வாசலிலேயே நிறுத்துகிறது என்று 2002ல் இன்னொன்று எழுதினார். மண்ணெண்ணெய் விளக்கில் எழுதிய அனுபவத்தோடு சொன்னதால் அவர்கள் கேட்டார்கள், இங்கிலீஷில் சொன்னதாலும் கேட்டார்கள்.

காவியம் என்று நீங்கள் எழுதியிருப்பதும் பழைய கணக்கு. நம் நாவலாசிரியர் ஷெஹான் கருணாதிலக 2022ல் புக்கர் பரிசு வாங்கினார், 1980களின் யாழ்ப்பாணத்தை வைத்து வி.வி. கணேசானந்தன் எழுதிய நாவல் 2024ல் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வாங்கியது. ஆங்கில இலக்கியம் என்று படிக்கிற பிள்ளை இன்றைக்கு ஆபிரிக்காவையும் கரீபியனையும் தன் சொந்தத் தெருவையும் சேர்த்துத்தான் படிக்கிறது. அதற்காக உருப்போடுவது ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. குறிப்புக் கொப்பியைப் பார்த்து உருப்போட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் தமிழ்ச் சிறப்புப் படித்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள், மன்னிக்கவேண்டும்.

*வயது 31, கோட்டையில் ஒரு கந்தோரில் வேலை. தமிழில் சிறுகதை எழுதுகிறேன், நாலைந்து அச்சில் வந்திருக்கிறது. ஆங்கிலத்திலும் எழுத ஆசை. பகுதிநேரமாக ஆங்கில இலக்கியப் பட்டம் செய்தால் எழுத்தாளன் ஆகலாமா?*
— தினமும் 100ஆம் இலக்க பஸ்ஸில் வாசிப்பவன்

ஆகமாட்டீர்கள், நீங்கள் ஏற்கெனவே ஆகிவிட்டீர்கள், நாலைந்து கதை அச்சில் வந்திருக்கிறதே. இலக்கியப் பட்டம் எழுத்தாளரை உண்டாக்குவதற்கென்று வைத்த படிப்பு இல்லை. படைப்பெழுத்தையே பட்டமாகப் படிப்பது வேறு மரபு, அமெரிக்காவில் ஐயோவாவில் 1936லேயே அதற்குப் பட்டறை வந்துவிட்டது, இங்கிலாந்தில் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகம் 1970ல் முதுமாணியாகத் தொடங்கியது. அங்கேயும் பட்டறை என்றால் மாயமந்திரம் ஒன்றும் இல்லை, பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து, உங்கள் கதையை நீங்கள் வாய் திறக்காமல் இருக்க மற்றவர்கள் பிரித்துப் போடுவார்கள். நாலு நண்பர்களும் ஒரு பிளேன்டீக் கடையும் இருந்தால் வெள்ளவத்தையிலேயே செய்யலாம், ஆனால் நம் ஆட்கள் நண்பனின் கதையை நன்றாக இல்லை என்று சொல்லமாட்டார்கள், அல்லது சொல்லிவிட்டால் பிறகு கதைக்கவே மாட்டார்கள்.

நம் ஊர்க்காரர்களையே பாருங்கள். நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாச்சி இங்கிலீஷ்தான் படித்தார், கனடாவில். கருணாதிலக விளம்பர வசனம் எழுதிப் பிழைத்தவர். அனுக் அருட்பிரகாசம் மெய்யியலில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர். இதில் எந்த ஒழுங்கையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பட்டம் வேண்டும் என்றே ஆசை என்றால், வேலையை விடாமல் செய்வதற்குத் திறந்த பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் ஆங்கிலம் கற்பித்தலும் சேர்ந்த சிறப்புப் பட்டம் இருக்கிறது, நாவலைக்குப் போய் விசாரியுங்கள். அதில் உங்களுக்குக் கிடைக்கப்போவது எழுதும் வரம் இல்லை, வாரத்துக்கு ஒரு புத்தகத்தை முடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம். சனி ஞாயிறில் எழுதுகிற நேரத்தை அது தின்னும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நானாக இருந்தால் முதலில் உங்கள் தமிழ்க் கதை ஒன்றை நீங்களே இங்கிலீஷில் எழுதிப் பார்ப்பேன். "அவன் கதைச்சவன்" என்பதற்கும் "அவர் கதைச்சவர்" என்பதற்கும் இடையில் இருக்கிற அந்தத் தூரத்தை இங்கிலீஷில் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஒரு கிழமை முட்டி மோதுங்கள். மோதுவது பிடித்திருந்தால் எனக்குத் திரும்ப எழுதுங்கள், கதையையும் அனுப்புங்கள், நான் நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்று சொல்கிறவள்.

*புத்தகங்கள் யானை விலை. முதல் வருடப் பிள்ளைக்கு எங்கே வாங்குவது?*
— ஒரு அப்பா, மட்டக்குளி

புதிதாக வாங்காதீர்கள். பழைய நாவல், நாடகங்களுக்கெல்லாம் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, இணையத்தில் காசில்லாமல் முறைப்படியே கிடைக்கும், போனில் வாசிக்கலாம். ஆனால் பரீட்சைக்குப் படிக்கிற நாடகத்தைக் குறிப்போடு வந்த பதிப்பில்தான் படிக்கவேண்டும், அதற்கு விகாரமாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற பொது நூலகத்தில் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். செப்டெம்பரில் புத்தகக் கண்காட்சிக்குப் போவதென்றால் பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் சமையல் புத்தகத்தோடு திரும்புவீர்கள்.

மற்றது மருதானைப் பக்கம், டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக இருக்கிற பழைய புத்தகக் கடைகள். யாரோ ஒரு பிள்ளை ஓரமெல்லாம் பென்சிலால் எழுதிய பிரதி கிடைத்தால் விடாதீர்கள், அது குறிப்புப் புத்தகத்தைவிடப் பெறுமதி. முதல் சொல்கிற விலையைக் கேட்டு முகத்தைக் கொஞ்சம் சுளியுங்கள். காலையிலேயே போங்கள், பின்னேரம் மழை இருட்டினால் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, அவர்கள் எந்தப் புத்தகத்தையும் தொட விடமாட்டார்கள்.